பாட்டிலில் தெளிந்த ரத்தம்

அப்போதெல்லாம் செவ்வாய்க்கிழமை காலையில் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஷேர் ஆட்டோ ஏறுகிறவர்கள், பக்கத்தில் இருப்பவரின் மடியைப் பார்த்து உட்கார வேண்டும். மடியில் மஞ்சள் பை இருக்கும். பைக்குள் செய்தித்தாள் சுற்றிய பாட்டில் இருக்கும். பாட்டிலுக்குள் இருப்பதைச் சொன்னால் நீங்கள் முகம் சுளிப்பீர்கள். ஏந்திக்கொண்டு போனவர்கள் யாரும் சுளிக்கவில்லை. பால்குடம் எடுக்கிறவர்கள்கூட அவ்வளவு பயபக்தியாக எடுத்துப் போக மாட்டார்கள்.

இருமல் மருந்து பாட்டில், குளிர்பானப் பாட்டில், குவார்ட்டர் பாட்டில், பேரக்குழந்தையின் பால் பாட்டில் என்று வகைக்கு ஒன்றாக வந்து இறங்கும். எல்லாம் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்: எர்ணாவூரில், கடலைப் பார்த்த தகரக் கொட்டகை. வாசலில் ஆளுயரப் பதாகை. 'சிறுநீரில் ரத்தமா? செய்வினையா? ஏவலா? நீர்வாக்கு அய்யா பார்வையில் ஒரே நாளில் தெளியும். பாட்டிலோடு வரவும்.' அதற்கு மேலே ஓம், சிலுவை, பிறை மூன்றும் ஒரே அளவில் அச்சாகியிருந்தன. மத நல்லிணக்கம் என்பது உண்டியல் வரைக்கும் வந்துவிட்டால் எவ்வளவு சுலபமாகக் கைகூடுகிறது பாருங்கள்.

அய்யாவின் புகழ் வாட்ஸ்அப்பில் பரவியது. ஒரு நிமிட வீடியோ. கண்ணாடிக் குவளையில் ரத்தச் சிவப்பாக நீர். அய்யா அதில் மூன்று மூடி 'பன்னீர்த் தீர்த்தம்' விடுகிறார். உள்ளங்கையால் மூடிக் குலுக்குகிறார். சிவப்பு மங்கி, பழுப்பாகி, கடைசியில் எலுமிச்சைச் சாறு போலத் தெளிகிறது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்கிறது. குவளையில் தெளிந்தால் உடம்பிலும் தெளிந்ததாக அர்த்தமாம். முகம் பார்க்கும் கண்ணாடியைத் துடைத்துவிட்டால் முகத்தில் இருக்கும் கரி போய்விடும் என்பது மாதிரி. அதெப்படி என்று யாரும் கேட்கவில்லை. கேட்பதற்குப் பதிலாக வீடியோவைப் பதினைந்து பேருக்கு அனுப்பினார்கள்.

அந்தப் பதினைந்து பேரில் ஒருவர் ராயபுரம் கஸ்பார். அவர் மனைவி பிலோமியிடம் கைபேசி இல்லை. அதனால் வீடியோவை அவள் கண்முன்னே நீட்டிக் காட்டினார்.

"பாத்தியா பிலோமி. கத்தி இல்ல, குயாய் இல்ல."

குழாயைப் பற்றிய அந்தப் பேச்சுக்கு ஒரு முன்கதை உண்டு.

கஸ்பாருக்குத் திருவொற்றியூரில் வேலை. பழைய சாய ட்ரம்களைக் கழுவி, ஒடுக்கு எடுத்து, மறுபடி விற்கும் கிடங்கு. இருபத்திரண்டு வருடமாகக் கழுவுகிறார். அன்றைக்கு எந்த நிற ட்ரம் வந்தது என்பதை அவர் முழங்கையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். துப்பினால் அந்த நிறம், மூக்கைச் சிந்தினால் அந்த நிறம். ஆகையால் ஒருநாள் சிறுநீர் சிவப்பாகப் போனபோது அவரும் பயப்படவில்லை, கிடங்கில் இருந்தவர்களும் பயப்படவில்லை.

"நேத்து செவப்பு ட்ரம்மு கய்வின இல்ல மாமு? இன்னிக்கு செவப்பாத்தான் போவும். ரெண்டு சொம்பு மோர் குடி, இறங்கிடும்."

மோர் குடித்தார். நின்றது. மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தது. அன்றைக்கும் முந்தின நாள் சிவப்பு ட்ரம்தான், எனவே மறுபடி மோர். வலி இல்லை, எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை. வலிக்காத சமாச்சாரத்துக்கு எவன் வைத்தியம் பார்ப்பான்? பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தார். இப்படி நான்கு மாதம் போனது.

பிறகு ஒரு வாரம் முழுக்க நீல ட்ரம்களாக வந்து இறங்கின. கஸ்பாரின் கை நீலம், கழுத்து நீலம், கைக்குட்டை நீலம். ஆனால் அந்த ஒன்று மட்டும் சிவப்பாகவே போனது. அன்றுதான் அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதைப் பிலோமி பார்த்தாள்.

பக்கத்து வீட்டு ஜஸீமா மாநகராட்சி நலவாழ்வு மையத்தில் ரத்தமும் நீரும் பரிசோதிக்கிற வேலையில் இருக்கிறாள். அவள்தான் மூடி போட்ட சின்ன டப்பா கொடுத்து வாங்கிப் போனாள். நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு வந்து, "மாமா, இது சாயம் இல்ல, ரத்தம். கிருமியும் இல்ல. பெரியாஸ்பத்திரிக்குப் போயே ஆவணும்" என்றாள். போய் வரிசையில் நின்று சீட்டு வாங்கிக் கொடுத்ததும் அவள்தான்.

அங்கே இளம் பெண் மருத்துவர் ஒருவர் முதலில் என்ன வேலை என்று கேட்டார், பிறகு பீடி உண்டா என்று கேட்டார். இரண்டையும் எழுதிக்கொண்டார். நீர்ப் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். ஸ்கேனில் நீர்ப்பையின் உட்சுவரில் பட்டாணி அளவு ஏதோ ஒன்று தெரிந்தது.

"இது என்னன்னு வெளியே இருந்து சொல்ல முடியாது. மெல்லிசான குழாய்ல கேமரா வெச்சு உள்ளே பார்க்கணும். மூணாம் வாரம் புதன்கிழமை வாங்க."

"குயாயி எந்த வயியா போவும்மா?" என்று கஸ்பார் கேட்டார்.

மருத்துவர் சொன்னார்.

அந்த நொடியிலிருந்து கஸ்பாருக்குத் தெய்வ பக்தி மும்மடங்கானது. ஞாயிற்றுக்கிழமைகூடக் கோயிலுக்குப் போகாமல் டபாய்க்கிற மனிதர், தெரு முனையில் சிலை வைத்திருக்கும் மாதா கெபிக்கு முன்னால் செருப்பைக் கழற்றி நின்றார். அப்படி நின்றுகொண்டிருந்தபோதுதான் கைபேசியில் அந்த வீடியோ வந்து விழுந்தது. இது தெய்வச் செயல் இல்லாமல் வேறென்ன?

*

பிலோமியும் கூடவே போனாள். அவள் எதையும் சட்டென்று பொய் என்று சொல்லிவிடுகிறவள் அல்ல. ஜெபத்தில் குணமானவர்கள் உண்டு என்று நம்புகிறவள். மாதா கோயில் பீடத்துணிகளை முப்பது வருடமாக வெளுத்துக் கொடுப்பது அவள்தான். அந்தத் துணியைத் தொடுமுன் கையைக் கழுவி, ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லிவிட்டுத்தான் தொடுவாள்.

கொட்டகை வரிசையில் முப்பிடாதி என்ற அம்மாள் எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டு வந்தாள். பிலோமியின் பக்கத்தில் குந்திக்கொண்டு அன்பாக விசாரித்தாள். எங்கே வீடு, என்ன வேலை, எத்தனை நாளாக, ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா, யார் அனுப்பினார்கள், அந்தப் பெண்ணுக்கு வீடு எங்கே, என்ன வேலை. அன்பாக விசாரிப்பவர்களிடம் மனசைத் திறந்துவிடுவது பிலோமியின் வழக்கம். நல்ல வழக்கம்தான். இடம் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

முப்பிடாதி அடுத்த வரிசைக்குத் தண்ணீர் கொடுக்காமல் நேராகத் திரைக்குள் போனதைப் பிலோமி கவனித்தாள். ஆனால் அன்றைக்கு அதைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை.

நீர்வாக்கு அய்யாவுக்கு ஐம்பது வயதுக்குள் இருக்கும். வெள்ளை ஜிப்பா, நெற்றியில் குங்குமம், கழுத்தில் ஸ்படிக மாலை, மாலைக்கு நடுவில் சிலுவை. கஸ்பாரின் பாட்டிலை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். கண்ணை மூடினார்.

"ட்ரம்மு தெரியுது. தண்ணி தெரியுது. செவப்பும் நீலமும் தெரியுது."

கஸ்பாருக்கு உடம்பு சிலிர்த்தது.

"இது நோவு இல்ல. வெச்சது. உன் செவுத்துக்கு அந்தாண்ட கீற பொம்பள. அவ கையில எப்பவும் ரத்தம் பட்டுகினே இருக்கும். உனுக்கு நல்லது செய்யற மாரியே வந்து, உன் தண்ணிய அவளே கேட்டு வாங்கிகினு போனாளா இல்லியா?"

கஸ்பார் வாயைப் பிளந்தார். பிலோமி, "ஐயோ, அது அந்தப் பொண்ணு வேலை" என்று ஆரம்பித்தாள். யாரும் காது கொடுக்கவில்லை.

அய்யா குவளையில் நீரை ஊற்றித் தீர்த்தம் விட்டுக் குலுக்கினார். சிவப்பு போனது. தெளிந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. குலுக்கிய வேகத்தில் சில துளிகள் கஸ்பாரின் நீலச் சட்டைமேல் தெறித்தன. அதையும் பாக்கியம் என்று துடைக்காமல் விட்டார்.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. ஊசியோ குயாயோ ஒடம்புல ஏறவே கூடாது. ஏறுச்சுன்னா கட்டு அறுந்து ரெண்டு மடங்கா திரும்பும். ரெண்டு வாரம் கயிச்சு வா, மறுபடி வராம முத்திரைக் கட்டு போட்டுடலாம்."

வெளியே வரும்போது தண்டையார்ப்பேட்டையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ரஷீது பாய் கஸ்பாரின் தோளைத் தட்டினார். "பயப்படாதீங்க நைனா. எனக்கு டீ கலர்ல, ஆரஞ்சா போய்க்கினு இருந்துச்சு. நெஞ்சு சளிக்கு ஆஸ்பத்திரில ஆறு மாசத்துக்கு மாத்திரை குடுத்தாங்க, அதுலதான் ஏவல் இறங்குதுன்னு அய்யா சொல்லிட்டாரு. நிறுத்தினேன். மூணே நாள், தண்ணி மாரி கிளியர்." சொல்லிவிட்டு நீளமாக இருமினார்.

*

மறுநாளே கஸ்பாருக்கு ரத்தம் நின்றது. அதற்கடுத்த நாளும் இல்லை. ஒரு வாரம் ஆயிற்று, இல்லை. வீட்டில் அவர் நடை மாறிவிட்டது. கழிவறையிலிருந்து வெளியே வரும்போதெல்லாம் தேர்தலில் ஜெயித்தவர் போல வந்தார். ஜஸீமா எதிரே வந்தால் முகத்தைத் திருப்பினார். அவள் வாசலில் கோலப்பொடி மாதிரி ஏதோ வெள்ளையாகக் கிடந்ததைக் காட்டி மந்திரித்த சாம்பல் என்றார். அது அவள் மாவு சலித்த இடம்.

"இன்னா ஆன்ட்டி, மாமா எங்கிட்ட பேச மாட்டறாரு" என்று ஜஸீமா ஒருநாள் குழாயடியில் கேட்டாள். பிலோமிக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லாமல் இருக்க அதைவிட வெட்கமாக இருந்தது. சொன்னாள்.

ஜஸீமா நிரம்பிய குடத்தை இறக்கி வைத்தாள். பிறகு, "என் கதைய வுடுங்க. ரத்தம் நின்னுடுச்சுன்னா சொல்றீங்க?" என்றாள்.

"ஒரு சொட்டு இல்லம்மா."

"அது அப்படித்தான் ஆன்ட்டி நிக்கும். மருந்தே இல்லாட்டியும் நிக்கும். அப்பால ஒருநாள் வரும். முன்ன மோர் குடிச்சப்பவும் நின்னுச்சு இல்ல? அப்ப மோர்தான் சாமியா? ரத்தம் போறது நின்னா, உள்ள கீறது போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. அதான் பாக்கணும்னு டாக்டர் சொல்றது. ஒண்ணுமில்லாமகூட இருக்கலாம். ஆனா பாத்துட்டு சொல்லணும், பாக்காம சொல்லக் கூடாது."

அன்று மதியம் பிலோமி துணி துவைத்தாள். கஸ்பார் அதுவரை துவைக்க விடாத நீலச் சட்டையில், மார்புக்குக் கீழே, நான்கைந்து புள்ளிகள் வெளுத்திருந்தன. ஓரம் இளஞ்சிவப்பாகவும் நடுவில் வெள்ளையாகவும் வெளுத்த புள்ளிகள். சோப்பு போட்டாலும் போகவில்லை. போக என்ன இருக்கிறது, நிறம்தான் ஏற்கெனவே போய்விட்டதே.

அந்தப் புள்ளியை அவளுக்கு நன்றாகத் தெரியும். பீடத்துணியில் திராட்சை ரசம் சிந்தினால், வாளித் தண்ணீரில் கொஞ்சம் பிளீச்சிங் கலந்து அந்தக் கறைமேல் மட்டும் விடுவாள். சிவப்பு மங்கும், பழுப்பாகும், தெளியும். ஒருமுறை கை தவறி அவளுடைய நீலப் புடவையில் பட்டு, இதே மாதிரி நாலு புள்ளி விழுந்தது. சட்டையை முகர்ந்து பார்த்தாள். துவைத்த துணியில் வாசனை ஏது? ஆனால் அய்யாவின் கொட்டகையில் அடித்த மல்லிகை அத்தருக்கு அடியில் மூக்கை அரித்த அந்த வாடை இப்போது ஞாபகத்தில் ஏறியது. முப்பது வருடம் முகர்ந்த மூக்கு அன்றைக்கே சொல்லியிருக்கிறது. பக்தியாக நின்றதால் அவள் கேட்கவில்லை.

சட்டையைக் கஸ்பாரிடம் காட்டினாள்.

"தீர்த்தத்தோட பவரு" என்றார் கஸ்பார். "சட்டையில கீற தோஷத்தையும் எடுத்துட்டுது பாரு."

இப்படிப்பட்ட மனிதரிடம் வாதாடிப் பயனில்லை. பிலோமி வாதாடவில்லை. செவ்வாய்க்கிழமை முத்திரைக் கட்டு, புதன்கிழமை ஆஸ்பத்திரி. நடுவில் ஒரு ராத்திரி. அந்தப் புதனை விட்டால் அடுத்த தேதிக்கு எத்தனை மாதம் ஆகுமோ, பட்டாணி அதுவரை பட்டாணியாகவே இருக்குமோ, யாருக்குத் தெரியும்?

"ஜூடி அப்பா, நான் உன்ன தடுக்கல. உங்கூட நானும் வரேன். ஒரு பாட்டில் நானும் கொண்டாரேன். அய்யா அத சரியா சொல்லிட்டாருன்னா, நாளன்னிக்கு ஆஸ்பத்திரி வேணாம், நானே சீட்டக் கிழிச்சுடறேன். தப்பா சொல்லிட்டாருன்னா, வாயத் தொறக்காம எங்கூட ஆஸ்பத்திரிக்கு வரணும்."

"யாரு பாட்டிலு?"

"அத அய்யாதான சொல்லணும்?"

கஸ்பார் சிரித்தார். தன் அய்யாமேல் அவ்வளவு நம்பிக்கை. "சரி. மாதா மேல சத்தியம்."

"மாதாவ இதுல இழுக்காத. சரின்னா சரின்னு சொல்லு, போதும்."

"சரி."

திங்கள் மாலை பிலோமி மார்க்கெட்டில் அரைக்கிலோ பீட்ரூட் வாங்கினாள். கஸ்பாருக்குப் பீட்ரூட் ஆகவே ஆகாது.

*

செவ்வாய்க்கிழமை கொட்டகையில் நிற்க இடமில்லை. முப்பிடாதி தண்ணீரோடு வந்தாள். பிலோமி ஒரு தம்ளர் வாங்கிக் குடித்து, "நல்லா இருப்பம்மா" என்று சொல்லி, அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பிடாதி எவ்வளவோ விசாரித்தாள். இவள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். முப்பிடாதி வெறுங்கையோடு திரைக்குள் போனாள்.

அவர்கள் முறை வந்தது. பிலோமி தண்ணீர் பாட்டில் ஒன்றை நீட்டினாள். அரைக்குமேல் நிரம்பி, ரத்தச் சிவப்பாக இருந்தது. பார்த்ததும் கூட்டம் 'உச்' கொட்டியது. அய்யாவே ஒரு நிமிடம் பார்த்தார். இவ்வளவு நல்ல சிவப்பு அவருக்கு வந்து ரொம்ப நாளாயிற்று.

"யாருது தாயீ?"

பிலோமிக்குப் பொய் சொல்ல வராது. அவள் பயந்துகொண்டிருந்ததே இந்தக் கேள்விக்குத்தான். எப்படிச் சுற்றி வளைப்பது என்று யோசித்தாள். அதற்குள் அய்யா கையைத் தூக்கித் தடுத்தார்.

"சொல்லாத. நானே சொல்றேன். நீ சொல்லி நான் சொன்னா அப்பால எனுக்கு இன்னா மருவாதி?"

இப்படியும் உதவி செய்வாரா ஒருத்தர்? பிலோமி மனசுக்குள் மாதாவுக்கு நன்றி சொன்னாள்.

அய்யா பாட்டிலில் பாதியைத் தம் குவளையில் ஊற்றினார். மீதிப் பாட்டில் பிலோமி கையிலேயே இருந்தது. குவளையை வெயிலில் காட்டிக் கண்ணை மூடினார்.

"ஆம்பள. ரத்த சொந்தம். குடிக்கிற பழக்கம் உண்டு. இவன் பேர்ல ஒரு பொம்மை செஞ்சு, ஆணி அடிச்சு, நெட்டுக்குப்பம் முகத்துவாரத்துல பொதைச்சிட்டாங்க. அலை அடிக்க அடிக்க ஆணி இறங்குது. இவனுக்கு நாளு எண்ணியாச்சு தாயீ. நீ இன்னிக்கு வந்ததால தப்பிச்சான்."

"எத்தினி நாள் சாமி பாக்கி கீது?" என்று பிலோமி பணிவாகக் கேட்டாள்.

"அமாவாசை தாண்டாது."

அது வாஸ்தவம். வெட்டிய பீட்ரூட் அமாவாசை வரை தாங்காது.

அய்யா தீர்த்தத்தை மூன்று மூடி விட்டார். குலுக்கினார். சிவப்பு மங்கியது, பழுப்பானது, வெளிர் மஞ்சளாகத் தெளிந்தது. "போச்சு. ஆணி கயண்டுச்சு" என்றார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கஸ்பார் மனைவியைப் பெருமையாகப் பார்த்தார்.

பிலோமி கையில் இருந்த பாட்டிலின் மூடியைத் திறந்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தாள்.

கொட்டகை முழுக்க ஒரே நேரத்தில் 'உவ்வே' என்றது. முன்வரிசையில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தார். கஸ்பார், "அடியேய், பைத்தியமாடி உனுக்கு" என்று பாட்டிலைப் பிடுங்க வந்தார்.

"பீட்ரூட்டு" என்றாள் பிலோமி, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு. "நேத்து வாங்கினேன். துருவி, புழிஞ்சு, தண்ணி கலந்தேன். மோந்து பாரு ஜூடி அப்பா."

கஸ்பார் மோந்து பார்த்தார். முப்பது வருடமாக வெறுத்த வாடை, தப்புமா? அவர் முகம் அப்படியே தொங்கிப்போனது. பாட்டில் கைமாறிப் பின்வரிசைக்குப் போனது. போன இடமெல்லாம் மூக்குகள் குனிந்தன.

"அய்யய்ய, பீட்ரூட்டே தாம்பா."

"பீட்ரூட்டுக்கு எவன்யா செய்வின வெச்சான்?"

"அதுக்குக் குடிக்கிற பயக்கம் வேறயாமே."

சிரிப்பு முன்வரிசையில் ஆரம்பித்துச் சாலை வரைக்கும் போனது. அய்யா பெரிய மனிதர், அசரவில்லை. எழுந்து நின்றார்.

"சோதிக்க வந்தவளே. பீட்ரூட்ல ஏத்தி விட்டிருக்கான் அந்த ஏவல. என் தீர்த்தம் அதையும் சுத்தம் பண்ணிடுச்சு பாத்தீங்க இல்ல? அதான் இதோட பவரு."

கூட்டம் சிரிப்பை நிறுத்திக் கொஞ்சம் யோசித்தது. பாதிப்பேர் மறுபடி நம்பத் தயாரானார்கள். நம்புவதற்கு நம் ஜனங்களுக்குக் காரணம் வேண்டியதில்லை, ஒரு சாக்கு போதும்.

அப்போது ரஷீது பாய் இருமிக்கொண்டே எழுந்தார். "அந்தம்மா அவங்க பாட்டில குடிச்சிட்டாங்க. நீங்க உங்க பாட்டில குடிங்க அய்யா. தீர்த்தம்தான? ஒரு முழுங்கு."

"ஆமா, குடிக்கட்டும்" என்றார் இன்னொருவர். அடுத்து நாலு பேர், நாற்பது பேர். யாரோ தீர்த்தப் பாட்டிலை எடுத்துவிட்டார்கள். யாரோ அய்யாவின் தாடையைப் பிடித்தார்கள். பாட்டில் வாய் அவர் உதட்டைத் தொட்டது. ஒரு நாழிகைக்கு முன் அவர் கால் தூசியை எடுத்துப் பூசிக்கொண்ட அதே கைகள்.

பிலோமி பாய்ந்து பாட்டிலைத் தட்டிவிட்டாள். "வுடுங்கய்யா. பிளீச்சிங்கு அது. தொண்டை வெந்து செத்துடுவாரு."

"ஆமாக்கா, ஆமா, பிளீச்சிங்குதான், வேணாம்" என்று அய்யா அலறினார்.

தாடையைப் பிடித்திருந்த கைகள் விட்டன. கொட்டிய தீர்த்தம் சிவப்புக் கம்பளத்தில் வெள்ளையாக ஒரு வழி போட்டுக்கொண்டு ஓடியது. அத்தர் மணம் அடங்கியதும் அசல் வாடை எழுந்தது. மழைக்காலத்தில் தெருவோரம் போடுவார்களே, அதே வாடை. வடசென்னையில் பிறந்த எந்த மூக்கும் அதை மறக்காது. முப்பிடாதி பின்பக்கத் தகரத்தை நகர்த்திக்கொண்டு எப்போது போனாள் என்று யாருக்கும் தெரியாது.

செருப்புகள் கழன்றன. பிலோமி அய்யாவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"கை வெக்காதீங்க. போலீசுக்கு போன் போடுங்க, அது நாயம். அடிக்கறதா இருந்தா, இத்தினி நாளா பாட்டில் தூக்கிகினு வந்தமே, நம்ம தலையில நாமதான் அடிச்சுக்கணும்."

அய்யா மூலையில் குந்தியிருந்தார். மாலை அறுந்திருந்தது. பிலோமி சொம்பில் நல்ல தண்ணீர் மொண்டு கொடுத்தாள். உதட்டைக் கழுவச் சொன்னாள்.

"உன் பேரு இன்னா நைனா?"

"கருணாகரன்."

"இத எங்க கத்துகின?"

"தண்ணி லாரிக்குக் குளோரின் கலக்கற வேலைக்கா. கான்ட்ராக்ட்டு. ஒருநாள் லாரியில சாயத்தண்ணி கலந்துடுச்சு, கொஞ்சம் ஜாஸ்தி ஊத்தினேன், தெளிஞ்சிடுச்சு. அப்பால வேலை போச்சு. இது ஞாபகம் இருந்துச்சு."

"அந்த வேலையில நீ ஊத்தினத குடிச்சு எத்தினி புள்ளைங்களுக்குப் பேதி வராம இருந்திருக்கும். அதுதாண்டா நைனா அற்புதம். அத வுட்டுட்டு இத புடிச்ச."

அவன் உதட்டை மறுபடி கழுவினான். போலீஸ் வரும்வரை சொம்பைக் கையிலேயே வைத்திருந்தான்.

கூட்டம் கலையாமல் நின்றது. நாற்பது பேர், நாற்பது பாட்டில். அய்யா போய்விட்டார், பாட்டில் போகவில்லை. இதை எடுத்துக்கொண்டு இனி எங்கே போவது?

"எங்க பக்கத்தூட்டுப் பொண்ணு ஜஸீமா நலவாழ்வு மையத்துல கீறா. இலவசம். பேர மட்டும்தான் கேப்பா. யாரு செய்வின வெச்சதுன்னு சொல்லத் தெரியாது அவளுக்கு" என்றாள் பிலோமி. "ஆனா பாட்டில கழுவிட்டு வாங்க. இது பழசு, ஆவாது. டப்பா அவளே குடுப்பா."

*

புதன்கிழமை கஸ்பார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி வரிசையில் இவர்களுக்கு முன்பே ஜஸீமா அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு வந்து நின்றிருந்தாள். கஸ்பார் அவளைப் பார்த்தார். வாயைத் திறக்கக் கூடாது என்ற ஒப்பந்தத்தை அங்கேதான் மீறினார்.

"குந்துமா. காலு வலிக்கும். நான் நிக்கறேன்."

மன்னிப்பு என்ற வார்த்தை அவர் பாஷையில் இல்லை. ஜஸீமா புரிந்துகொண்டு உட்கார்ந்தாள்.

குழாய் அவர் பயந்த அளவுக்கு இல்லை. மரத்துப்போக மருந்து தடவினார்கள். கடுத்தது, கத்தும்படி இல்லை. உள்ளே இருந்தது கட்டிதான். புற்று வகை என்று சோதனையில் தெரிந்தது. ஆனால் சுவரில் வேர் விடுவதற்கு முன் பிடித்துவிட்டார்கள். அதே வழியாகவே கருவியை விட்டு எடுத்தும் விட்டார்கள். பீடியைத் தூக்கிப்போடச் சொன்னார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து உள்ளே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள்.

"மூணு மாசத்துக்கு ஒரு தபாவா?" என்று கஸ்பார் வழியெல்லாம் முனகினார். "அய்யா ஒரே நாள்ல முடிச்சாரு."

பிலோமி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் முனகலை நிறுத்திக்கொண்டார்.

கிடங்கில் இப்போது சட்டம் மாறிவிட்டது. யாருக்காவது சிவப்பாகப் போனால் மோர் என்று யாரும் சொல்வதில்லை. கஸ்பார் சொல்ல விடுவதில்லை. கையுறை போடாதவர்களைத் திட்டுகிறார். எந்த ட்ரம் கழுவினாய் என்று கேட்காமல் ஜஸீமாவின் மையத்துக்கு வழி சொல்கிறார்.

கொட்டகையிலிருந்து அந்த வாரம் அங்கே போனவர்கள் பதினெட்டுப் பேர். ஒரு கல்லூரிப் பெண்ணுக்குக் கிருமித் தொற்று, ஐந்து நாள் மாத்திரையில் சரியானது. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒருவருக்குச் சிறுநீரகக் கல். இதயத்துக்காக ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடும் ஒரு பெரியவரை, மாத்திரைமேல் பழி போட்டு விட்டுவிடாமல், ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். ரஷீது பாய்க்கு ரத்தமே இல்லை. ஆரஞ்சு நிறம் காசநோய் மாத்திரையின் நிறம். அதை நிறுத்தியதால் நிறம் நின்றது, நோய் நிற்கவில்லை. இப்போது மறுபடி தொடங்கியிருக்கிறார், கூடவே வீட்டில் எல்லாருக்கும் பரிசோதனை. பதினெட்டாவது ஆளுக்கு ஒன்றுமே இல்லை. சிவப்பாகப் போனதற்கு முந்தின நாள் இரண்டு கரண்டி பீட்ரூட் பொரியல் சாப்பிட்டிருந்தார். அவரும் அய்யாவிடம் காணிக்கை கட்டித் தெளிந்தவர்தான்.

மீதி இருபத்திரண்டு பேர் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை.

எர்ணாவூர்க் கொட்டகையில் 'வாடகைக்கு விடப்படும்' என்று பலகை தொங்குகிறது. ரொம்ப நாள் தொங்காது. அடுத்த அய்யா வருவார். அவரும் எதையாவது கையில் ஏந்திவரச் சொல்வார், எலுமிச்சம்பழமோ, தேங்காயோ, பாட்டிலோ. போகிறவர்கள் அதை மறந்துவிட்டுப் போனால்கூடப் பாதகமில்லை. மூக்கையும் மூளையையும் வீட்டில் வைத்துவிட்டுப் போகாமல் இருந்தால் சரி. அவற்றையும் கொடுத்தவர் கடவுள்தான். கொடுத்தது பயன்படுத்த, அய்யாவிடம் வெளுக்கப் போட அல்ல.